நிழலுக்கு வரும் விரால் குஞ்சுகள்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. மீன்பிடித் துறைமுகங்களில் ஆண்டுக்காண்டு வரத்து குறைவதைப் பற்றி எழுதித் தரும்படி ஒரு சிற்றிதழ்க்காரர் கேட்டார். விருதுநகர்க்காரனிடம் போய்க் கடலைப் பற்றிக் கேட்கிறாரே என்று சிரிப்பு வந்தது. ஆனாலும் சரி என்றுவிட்டேன். 'இனப்பெருக்கக் காலத்தில் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்தி வைத்தாலும்' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினேன். அது இன்னும் அப்படியே நிற்கிறது.

எனக்குத் தெரிந்த தண்ணீர் வெம்பக்கோட்டை அணைத் தண்ணீர்தான். 2006 மழைக்காலத்தில் அங்கே பெத்தணன் என்ற ஒருவர் கரையோரம் நடந்து போவதைப் பார்த்தேன். அவர் நடக்க, தண்ணீருக்குள் ஏதோ கூடவே போனது. அவர் நின்றார். அதுவும் நின்றது.

கட்டுரையில் இதை எங்கே வைப்பது?

2

முதல் தொடக்கம்: பெத்தணன் நல்ல மனிதர், ஊரில் யாரைக் கேட்டாலும்—

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் அவரைச் சந்தேகப்படுவீர்கள்.)

இரண்டாவது தொடக்கம்: பெத்தணனின் மனைவி முருகம்மாளுக்குப் பட்டாசுக் கம்பெனியில் காலில் பட்ட தீப்புண் ஆறவே இல்லை.

இது நிற்கும். பெத்தணனும் அதே கம்பெனியில் திரி வெட்டுகிறவர். புண் இப்படியே போனால் காலை எடுக்க வேண்டி வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மருந்தோடு விரால் ரசமும் வைத்துக் கொடுங்கள், உடம்பில் தெம்பு இருந்தால்தான் புண் ஆறும் என்றார் நர்ஸ் ஹெப்சிபா. பெத்தணன் மருந்தை மறந்துவிட்டார், விராலைப் பிடித்துக்கொண்டார். சிவகாசிச் சந்தைக்கு வந்ததெல்லாம் விரல் நீளக் கடல்மீன். எனவே அணைக்குப் போனார்.

3

விரால் தன் குஞ்சுகளை விட்டு நகராது. செக்கச் சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும்போது தண்ணீர் உலை கொதிப்பது போலத் துளும்பும். அதற்குக் கீழே தாய் நிற்கும். மற்ற ஊர்க்காரர்கள் அங்கே தூண்டில் போடுவார்கள். பட்டாசு செய்கிற இந்த ஊர்க்காரர்கள் வெடி போடுவார்கள்.*

* குஞ்சுக்கு ஒன்றும் ஆகாமல் தாய் மட்டும் செத்து மிதக்கும்படி வெடிமருந்தையும் திரியையும் அளந்து வைப்பதில் இந்த ஊருக்கு ஒரு கர்வம் உண்டு. குஞ்சை விட்டுவிட்டால் மீன்வளம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்பது இவர்கள் கணக்கு. கடலிலும் இப்படி நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காவல் போன குஞ்சு என்ன ஆகும் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பெத்தணன் போட்டார். தாய் மிதந்தது. முருகம்மாள் ரசம் குடித்தாள். புண்ணின் ஓரம் காய ஆரம்பித்தது.

4

வெடி போட்ட மறுநாள் அவர் நிழல் தண்ணீரில் விழுந்த இடத்துக்குக் குஞ்சுகள் வந்தன.

இந்த வரியை அடித்துவிட்டேன். மிகை என்று பட்டது. அடுத்த பிரதியில் அது மறுபடியும் இருந்தது. நான் எழுதிய நினைவே இல்லை.

நியாயமாகப் பார்த்தால் கொக்கும் கெளுத்தியும் ஒரு வாரத்தில் அவற்றைத் தின்று தீர்த்திருக்க வேண்டும். கூட்டமோ நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு குஞ்சுகூட வளரவில்லை. போன வருடமும் அதற்கு முந்தின வருடங்களிலும் தான் விட்டுவைத்த குஞ்சுகளும் இதில் சேர்ந்துவிட்டனவோ என்று பெத்தணனுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து உச்சிவேளையில் மட்டுமே கரைக்குப் போனார். அப்போதுதான் நிழல் காலடியிலேயே கிடக்கும்.

வீட்டுக்குள் படுத்திருந்த முருகம்மாள் சொன்னாள்: "நீங்க வந்ததும் வாசல்ல உலை கொதிக்கிற மாதிரிக் கேக்கு. அடுப்பு அணைஞ்சுல்லா கெடக்கு."

5

ரசம் தீர்ந்து சில நாளில் புண் மறுபடி ஈரமானது. இன்னொரு விரால் வேண்டும்.

மேலக்கரையில் ஒன்று குஞ்சுகளோடு நின்றது. அணையைக் காவல் காக்கும் பாண்டி வழியை மறித்தான். (பாண்டியை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். அவனும் முருகம்மாளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறவன். கைவிட்டேன்.)

"எண்ணே, அணையில தாய் விரால்னு மிச்சம் இது ஒண்ணுதான். இதையும் எடுத்துட்டீகன்னா இனிமே இங்கன வலையே நனைய வேண்டாம்."

"ஏலே, குஞ்சைத் தொட்டிருப்பனா நான்? இம்புட்டு வருசத்துல ஒரு குஞ்சு செத்து மெதந்திருக்குமா?"

பாண்டி தண்ணீரைப் பார்த்தான். பெத்தணனின் நிழல் விழுந்த இடம் சிவந்து துளும்பிக்கொண்டிருந்தது.

"சாகலைண்ணே. அதைத்தான் நானும் சொல்லுதேன். ஒண்ணுகூடச் சாகல."

6

முடிவு அ: வெடி போடுகிறார். முருகம்மாள் எழுந்து நடக்கிறாள். அடுத்த வருடம் யார் வலையிலும் ஒன்றும் விழுவதில்லை. கணவனும் மனைவியும் கரையில் நடந்தால் இரண்டு நிழலடியிலும்—

முடிவு ஆ: திரும்பிப் போகிறார். விரால் பிழைக்கிறது. மதுரை ஆஸ்பத்திரியில் காலை எடுக்கிறார்கள். (இதை எழுதிவிட்டு முருகம்மாளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

முடிவு இ: ஹெப்சிபா வேறொரு கண்மாயிலிருந்து விரால் வாங்கி வருகிறார். எல்லோருக்கும் நிம்மதி. (எனக்கும்தான், அரை நிமிடம். அந்த விராலுக்குக் குஞ்சு இருந்திருக்காதா?)

மூன்றையும் கிழித்துவிட்டேன். பாண்டி விலகி நிற்கிறான். பெத்தணன் கையில் வெடியோடு கரையில் நிற்கிறார். எதிரே தாயோடு ஒரு கூட்டம், காலடியில் தாயில்லாத ஒரு கூட்டம். வீட்டில் முருகம்மாள் காலை நீட்டிப் படுத்துக் காத்திருக்கிறாள். தீப்பெட்டியை அவரிடம் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு முடியாது.

சொல்வதற்கு முன் ஒன்று செய்யுங்கள். குனிந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள், இந்தத் தாளின் மேல் உங்கள் நிழல் விழுந்திருக்கிறது. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.