பண்டிகைக்கு ஒரு அரசாணிக்காய்

போத்தனூரில் சந்தியாகுவின் வீட்டுக்கு வழி கேட்டால், தெருமுனை பேக்கரிக்காரர் திருப்பி ஒரு கேள்வி கேட்பார். "எந்தச் சந்தியாகுங்க? நம்ம சந்தை சந்தியாகுங்களா?" முப்பத்தாறு வருடம் சரக்கு ரயிலில் கார்டாக இருந்து, ஒரு நாளும் கொடி மாற்றிக் காட்டாத மனிதர். ரிட்டயர் ஆன இரண்டாம் வருடம் ஒரே ஒரு காயை வாங்கப் போய் இந்தப் பட்டத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் போகும் சர்ச்சில் அக்டோபர் கடைசி ஞாயிறு அறுப்பின் பண்டிகை. அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து ஆல்டருக்கு முன்னால் வைப்பார்கள். வாழைத்தார் வரும், முருங்கைக்காய் வரும், ஒரு வருடம் ஜோடி முயலே வந்தது. போன வருடம் சந்தியாகு, தன் புழக்கடையில் விளையும் அரசாணிக்காயைப் பற்றி மூன்று மாதம் பார்த்தவர்களிடமெல்லாம் அளந்தார். மற்ற ஊர்க்காரர்கள் பரங்கி என்றும் மஞ்சள் பூசணி என்றும் சொல்கிற அதே காய்தான். பேசப் பேசக் காய் பெரிதாகிக்கொண்டே போனது. செடி மட்டும் செப்டம்பரிலேயே வேர் அழுகிச் செத்துவிட்டது.

அதை வெளியே சொல்ல வாய் வரவில்லை. பண்டிகைக்கு முதல் நாள் சந்தைக்குப் போய் நல்ல உருண்டைக் காயாக ஒன்று வாங்கி, பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, மறுநாள் பெருமையாகக் கொண்டுபோய் வைத்தார். கமிட்டி செயலாளர் பிரான்சிஸ் அதை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். தூக்கியவர் சும்மா இருக்காமல் திருப்பினார். அடியில் நீலச் சாக்குக்கட்டியில் கடைக்காரர் எழுதியிருந்ததை, மைக் கையில் இருப்பதை மறந்து அப்படியே படித்தும் விட்டார்: "ஏழு கிலோ இருநூறு. மெஸ் அக்காவுக்கு எடுத்து வெச்சது."

ஆராதனை நடத்திய ஐயர் சிரிப்பை மறைக்கப் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

இந்த வருடம் ஜூலையில், சர்ச் வாசலில் வைத்துப் பிரான்சிஸ் சாதாரணமாகத்தான் கேட்டார். "ஏனுங்ணா, இந்தத் தடவை காய் ஊட்டுதுங்களா, மெஸ் அக்காவுதுங்களா?"

சந்தியாகுவுக்குக் காது வரை சூடேறியது. "எம் புழக்கடையில வெளஞ்ச காயோட வாரேன். இல்லீனா இந்தக் கோயில்ல இனி காலெடுத்து வெக்க மாட்டேன். எழுதி வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

சொன்னவருக்கு ரோஷம், கேட்டுக்கொண்டு நின்ற மனைவி கிருபாவதிக்குத்தான் கவலை. மனிதர் வாய்ச்சொல்லில் ரயில்வே டைம்டேபிள் மாதிரி. தாமதமாகலாம், மாறாது. ஞாயிறு காலையில் தனியாக பெஞ்சில் உட்காருவதை நினைத்தாலே அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஒரு காய்க்காக ஆண்டவர்கூடச் சண்டைங்களா?" என்று கேட்டாள்.

"ஆண்டவர்கூட இல்லெ அம்மணி. பிரான்சிஸுகூட."

அன்று முதல் புழக்கடை ரயில்வே யார்டு ஆனது. குழி எடுத்து, காய்ந்த சாணமும் இலைச்சருகும் அடுக்கி, ஒரு வாரம் ஆறவிட்டு விதை போட்டார். போன வருடம் வேர் அழுகியதால் இந்தத் தடவை மேட்டுப் பாத்தி. தண்ணீரைத் தண்டில் படாமல் சுற்றிலும் விட்டார். சரக்கு வண்டியில் பயணித்த காலத்துப் பழக்கம், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதினார்: "6.10. மூன்றாவது இலை வருகை." போனில் யாரோ சொன்னார்கள் என்று மீன் கழிவையும் வெல்லத்தையும் வாளியில் போட்டு மூடி ஊறவைத்தார். இருபதாம் நாள் மூடியைத் திறந்தபோது தெருவில் மூன்று வீட்டு ஜன்னல்கள் அடைபட்டன. கிருபாவதி மூக்கில் முந்தானையோடு இரண்டு நாள் சமைத்தாள்.

அடுத்த வீடு பீர் முகம்மதுவுடையது. டவுன்ஹால் பக்கம் பாத்திரக் கடைகளில் பெயர் வெட்டுகிறவர். கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் பெயர், ஊர், தேதி எல்லாம் ஒரு சின்ன ஆணியால் கடுகு கடுகாகப் பொறிப்பார். சந்தியாகு வீட்டில் டம்ளர் முதல் இட்லிச் சட்டி வரைக்கும் அவர் கை பட்டதுதான். இருபது வருடமாக ஆறரை மணிக்கு இரண்டு பேரும் மதில் சுவரின் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று டீ குடிப்பார்கள். மீன் வாளியைத் திறந்த அன்றுகூட பாய் வந்து நின்றார். டீயை மட்டும் கொஞ்சம் வேகமாகக் குடித்தார்.

ஆகஸ்டில் கொடி பாய்ந்தது. பூவும் வந்தது. அந்த வாரம்தான் சந்தியாகுவின் போனில் ஒரு வீடியோ வந்து சேர்ந்தது: பழ ஈ பிஞ்சைத் துளைத்து உள்ளே முட்டையிடும், காய் வெம்பி விழும். படம் பிடித்தவர் காயை இரண்டாகப் பிளந்து புழுவை வேறு காட்டினார். சந்தியாகுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் டவுன் பஸ் ஏறி காந்திபுரம் போய் கொசுவலைத் துணி இருபது மீட்டர் வாங்கிவந்தார். கிருபாவதியின் தையல் மெஷினில் தானே ஒட்டுப் போட்டு, கொடி முழுவதையும் மூடி, ஓரமெல்லாம் செங்கல் வைத்தார். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரே ஒரு கொடி மட்டும் முன்பே மதில் ஏறி பாய் வீட்டுப் பக்கம் இறங்கியிருந்தது. வலை அதற்கு எட்டவில்லை.

"கொசு இனி கொடியக் கடிக்காதுங்க" என்றாள் கிருபாவதி. "நம்மளத்தான் கடிக்கும்."

வலைக்குள் பெண் பூக்கள் வந்தன. அடியில் கோலிக்குண்டு அளவுப் பிஞ்சோடு வந்தன. வந்து, மூன்றாம் நாள் மஞ்சளாகி, ஐந்தாம் நாள் விழுந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, பதினொன்று. நோட்டில் "வருகை" என்று எழுதிய கைதான் ஒவ்வொன்றுக்கும் "புறப்பாடு" என்றும் எழுதியது. ஈ நுழைய முடியாது, எறும்பு நுழைய முடியாது. அப்புறம் எப்படி விழுகிறது?

செப்டம்பர் ஆறாம் தேதி, கிருபாவதியின் பிறந்தநாளன்று, அவருக்கு விடை கிடைத்தது. கிடைத்தது என்று அவர் நினைத்தார். மாலை டீ நேரம். பாய் மதில் மேல் டம்ளரை வைத்துவிட்டு, எட்டிப் பார்த்து, கையை நீட்டிச் சொன்னார். "அண்ணா, அந்தா பாருங்க, அந்தப் பன்னெண்டாவதும் மஞ்சளாவுது."

சந்தியாகு பிஞ்சைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தார்.

பிஞ்சை ஆள்காட்டி விரலால் சுட்டினால் அது வெம்பிப் போகும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. காட்டியே ஆகவேண்டும் என்றால் விரலை மடக்கிக்கொண்டு காட்டுவார்கள். சந்தியாகுவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நாலு பேரிடம் கிண்டல்கூடச் செய்திருக்கிறார். ஆனால் பதினோரு பிஞ்சு விழுந்த மனிதனின் நம்பிக்கை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது.

"பாய்! தெனமும் இப்பிடித்தான் வெரல நீட்டிட்டு இருக்கீங்களா? அதான் ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. நாங் காலம்பற இருந்து பொழுதுக்கும் கஷ்டப்படறேன், நீங்க நோகாம வெரல நீட்டி எல்லாத்தையும் அழிச்சுப்போட்டீங்க!"

பாய் விரலைப் பார்த்தார். மெதுவாக மடக்கிக்கொண்டார். "எனக்குத் தோணலீங்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாதி டீயோடு உள்ளே போனார். மறுநாள் ஆறரைக்கு மதிலுக்கு அந்தப்பக்கம் யாரும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

சந்தியாகுவின் கோபம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. வெட்கம்தான் ஆறவில்லை. அதை மறைக்க இன்னும் கோபப்பட்டார். மதில் ஏறிப்போன கொடியை வெட்டக் கத்தியோடு கிளம்பியபோது கிருபாவதி குறுக்கே வந்தாள். "அது என்ன பாவம் பண்ணுச்சுங்க? அது பாட்டுக்குக் கெடக்கட்டும்." பிறந்தநாளில் பாயசம்கூடக் கசந்துபோனதை அவள் அதுவரை சொல்லிக்காட்டவில்லை. அந்தக் கடனுக்காகக் கத்தியைக் கீழே வைத்தார். அவளுக்கும் பாயின் மனைவி சித்திகாவுக்கும் நடுவே மட்டும் கிண்ணங்கள் வழக்கம்போலப் போய்வந்துகொண்டிருந்தன.

அக்டோபர் தொடங்கியும் வலைக்குள் ஒரு காயும் இல்லை. கணபதிப் பக்கம் வரதராஜுலு என்று ஒருவர் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, நோட்டையும் எடுத்துக்கொண்டு போனார். வரதராஜுலு நோட்டை மரியாதையாகப் புரட்டிப் பார்த்தார். போனில் இருந்த தோட்டத்துப் படத்தையும் பார்த்தார்.

"வலை ரொம்ப நல்லாத் தெச்சிருக்கீங்க. ஒரு சந்தேகமுங்க. தேனீ எந்த வழியா வரும்?"

சந்தியாகு போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அரசாணியில ஆம்பளப் பூ வேற, பொம்பளப் பூ வேறங்க. மகரந்தத்தத் தேனீதான் கொண்டுபோவோணும். இல்லீனா காலம்பற ஏழு மணிக்குள்ள நீங்களே ஆம்பளப் பூவப் பறிச்சு, இதழக் கிழிச்சுப்போட்டு, பொம்பளப் பூ நடுவுல தொட்டு வெக்கோணும். நீங்க பொண்ணையும் மாப்பிளையையும் ஒரே ஊட்டுல வெச்சுப் பூட்டிட்டு, தாலியக் கொண்டாரவன வாசல்லயே நிறுத்திப்போட்டீங்க. பழ ஈக்கு வலைய, காய் புடிச்சப்பறம் காய்க்கு மட்டும் கட்டுனாப் போதுமுங்க."

போத்தனூர் வரும் வரைக்கும் பஸ்ஸில் சந்தியாகு நோட்டில் எழுதிய புறப்பாடுகளைத் திரும்பத் திரும்ப எண்ணினார். பன்னிரண்டு பிஞ்சையும் கொன்றது யார் என்று தெரிந்துவிட்டது. அன்றே வலையைக் கிழித்து எறிந்தார். ஆனால் பண்டிகைக்கு மூன்று வாரம்கூட இல்லை. இனிமேல் பிடித்தாலும் எலுமிச்சை அளவில்தான் இருக்கும். காய் போனது போகட்டும். பாயின் மடங்கிய விரல் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. தினமும் ஆறரைக்கு மதில் வரைக்கும் போனார், டம்ளரோடு திரும்பி வந்தார். பெரிய மனிதர்கள் மன்னிப்புக் கேட்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அரசாணிக்காய் இரண்டு பழுத்துவிடும்.

பண்டிகைக்கு முதல் நாள் சனிக்கிழமை. கிருபாவதி நாளைக்கு உடுத்தப் பட்டுப் புடவையை எடுத்து வைத்தாள். அவருடைய வெள்ளைச் சட்டையையும் எடுத்து வைத்தாள்.

"அது எதுக்கு? நாந்தான் வரலையே."

"சரிங்க. ஆனா பாய் ஊட்டுக்கு இந்தக் கிண்ணத்தக் குடுத்துட்டு வந்துருங்க. எனக்கு முட்டி வலி."

இருபது வருடத்தில் அவளுக்கு முட்டி வலித்ததே இல்லை. அது சந்தியாகுவுக்கும் தெரியும். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனார். வாசலில் பாயே நின்றார். சந்தியாகு கிண்ணத்தை நீட்டாமலே பேசினார்.

"பாய், தப்பு எம்மேலதான். வலையப் போட்டு நானே கெடுத்துப்போட்டு, பழிய உங்க வெரல் மேல போட்டுட்டேன். மன்னிச்சுருங்க." அதற்குப் பிறகுதான் கையில் கிண்ணம் இருப்பது ஞாபகம் வந்து நீட்டினார்.

"அட உடுங்ணா" என்றார் பாய். "உள்ள வாங்க. உங்க கொடி எங்கூட்டுல அத்துமீறி நொழஞ்சிருக்குது. ஒரு பஞ்சாயத்துப் பேசோணும்."

பின்கட்டில், குளியலறைத் தகரத்துக்குக் கீழே, சாக்குத்துணியைச் சுருட்டிச் செய்த சும்மாட்டின் மேல் உட்கார்ந்திருந்தது காய். மண்ணில் பட்டு அழுகக் கூடாது என்று சித்திகா செய்து வைத்த இருக்கை. அது சாதாரணக் காய் அல்ல. சந்தியாகுவால் கையை அகல விரித்துத்தான் அணைக்க முடிந்தது. வலையில்லாத பக்கம் தேனீ வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"இது உங்க ஊட்டுல காச்சது" என்றார் சந்தியாகு. கை மட்டும் காயை விடவில்லை.

"வேரு உங்க ஊட்டுதுங்ணா. வெல்லமும் மீனும் குடுத்தது நீங்க. அந்த நாத்தத்தத் தாங்குன கணக்குல எங்களுக்கு ரெண்டு கீத்துக் குடுத்தாப் போதும்" என்று சித்திகா உள்ளிருந்து சொன்னாள். பாய் காம்பை நாலு விரல் விட்டு அறுத்து, கடையிலிருந்து கொண்டுவந்திருந்த புது எவர்சில்வர் அன்னக்கூடையில் காயைத் தானே இறக்கி வைத்தார். "இதே மாதிரி எடுத்துட்டுப் போங்க. அசைக்காதீங்க" என்றார்.

மறுநாள் சர்ச்சில் அன்னக்கூடை போய் இறங்கியதும் பெஞ்சுகளில் முணுமுணுப்பு ஓடியது. பிரான்சிஸ் வந்தார். காயைத் தூக்கினார். பழக்கதோஷம், திருப்பினார். கோயிலே கழுத்தை நீட்டியது. காயின் அடியைச் சந்தியாகுவும் பார்த்திருக்கவில்லை.

பிரான்சிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். காயின் அடியில் தோலோடு தோலாகத் தடித்து, காய் வளர வளரத் தானும் வளர்ந்து விரிந்த எழுத்து இருந்தது. பிஞ்சில் கீறினால் ஒழிய அப்படி வராது. இந்த முறை அவர் மைக்கை மறக்கவில்லை. பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டே படித்தார்.

"ச. சந்தியாகு. போத்தனூர். ஏழு, ஒன்பது."

செப்டம்பர் ஏழு. மதிலருகே அவர் கத்திய நாளுக்கு மறுநாள். பாதி டீயோடு உள்ளே போன மனிதர் மறுநாள் காலையில் உட்கார்ந்து, கைக்குள் அடங்குகிற பிஞ்சின் மேல், சீர்ப்பாத்திரத்துக்கு வெட்டுகிற அதே கவனத்தோடு இவர் பெயரை எழுதியிருக்கிறார். கோயில் கைதட்டியது. சந்தியாகு கைக்குட்டையைத் தேடினார். கிருபாவதி தயாராக வைத்திருந்த கைக்குட்டையை நீட்டினாள்.

"கொடி என்னுதுங்க" என்று மைக்கில் சொன்னார் சந்தியாகு. "காய் பீர் முகம்மது பாய் ஊட்டுது. நான் காயே வராமப் பாத்துக்கிட்டேன். அவுங்க காப்பாத்திக் குடுத்தாங்க."

அன்று மாலை ஆறரைக்கு மதில் மேல் இரண்டு டம்ளர்கள் இருந்தன.

"அந்தக் கோவத்துலயும் எம் பேர எழுதுனீங்களே பாய்."

"கோவம் இருந்துச்சுங்ணா. போன வருசம் நீங்க பட்ட பாடும் ஞாபகத்துல இருந்துச்சு." பாய் டீயை ஒரு வாய் குடித்தார். "பிஞ்சுக்கு வெரல நீட்டக் கூடாதுன்னு சொல்லிப்போட்டீங்க. அதான் ஆணிய எடுத்தேன்."

சந்தியாகுவுக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னென்னவோவும் வந்தது. மதிலுக்கு மேல் கையை நீட்டி, பாயின் அந்த ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டார்.