மஞ்சள் கோடுகள்

தியாகராசாவின் கால்கள் அநேகமாக வாசலில்தான் மறுத்துவிடும். கூடத்தில் ஒருமாதிரி நடப்பார். அறைக் கதவருகே வந்ததும் உடம்பு முன்னே சாயும், பாதம் மட்டும் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் அசையாது. பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருடம். அப்படி நிற்கும்போதெல்லாம் மனைவி ஜெகதீஸ்வரி கையைப் பிடித்து இழுப்பாள்.

"கெதியா வாங்கோ, அடுப்பிலை கறி கிடக்கு."

"இழுக்காதேங்கோ அன்ரி, விழுந்திடுவார்" என்று தடுத்தவள் பிசியோதெரபிஸ்ட் கௌரி. வாரத்தில் இரண்டு நாள் அவர்களுடைய வெள்ளவத்தை பிளாட்டுக்கு வருவாள். ஒருநாள் மஞ்சள் டேப் கொண்டுவந்து, அறையிலிருந்து கூடம்வரை ஒவ்வொரு காலடிக்கும் ஒன்றாகக் குறுக்குக் கோடுகள் ஒட்டினாள்.

"நடக்கிறதை யோசிக்க வேண்டாம் அங்கிள். கோட்டைத் தாண்டுறதை மட்டும் யோசியுங்கோ. சத்தமா எண்ணுங்கோ."

அவர் எண்ணினார். காலை உயர்த்தித் தாண்டினார். வாசலில் நிற்கவேயில்லை. ஜெகதீஸ்வரியால் நம்ப முடியவில்லை.

மகள் ஹம்சிகாவின் கலியாணத்தில் மணவறைக்குத் தன் காலாலேயே போகவேண்டும் என்பது அவர் ஆசை. மாப்பிள்ளை பொருந்தி வருமுன்பே, மூன்று மாதமாகக் காலையும் மாலையும் கோடு தாண்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வத்தளையிலிருந்து பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அன்று மத்தியானம் ஜெகதீஸ்வரி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. பரம்பரை வருத்தம், மகளுக்கும் இந்த நோய் வரும் என்று அவர்கள் நினைத்துவிட்டால்? கணவர் மருந்துக் குளிசை போட்டுப் படுத்திருந்த நேரம் பார்த்து டேப்பைப் பிளேடால் சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். பிறகு அவரை எழுப்பிச் சொன்னாள்:

"அவையள் போகுமட்டும் அறைக்குள்ளையே இருங்கோ."

அவர் தலையாட்டினார்.

வந்தவர்கள் தேநீர் குடித்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன், "எங்கை அண்ணையைக் காணேல்லை?" என்றார். அந்தக் குரலுக்குத்தான் தியாகராசா எழுந்து வந்தார், புதுச் சட்டையோடு. வாசலில் நின்றுவிட்டார். குனிந்து தரையில் எதையோ தேடினார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பக்கத்தில் போய் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணியிருக்கலாம். ஜெகதீஸ்வரிக்கு அது தெரியாததில்லை. ஆனால் வெட்கம் பிடரியைப் பிடித்துத் தள்ள, ஓடிப்போய்க் கையை இழுத்தாள்.

"வாங்கோவன்!"

அவர் அப்படியே சரிந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

அம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்திருந்தவள் மாப்பிள்ளையின் தாய். "என்ரை மூத்த அண்ணாவுக்கும் இதே வருத்தம்தான். ஏன் அக்கா இவரை உள்ளுக்கு வச்சிருந்தனீங்கள்?" என்றாள். அடுத்த வாரமே சம்பந்தம் உறுதியானது.

ஒப்பரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்த பிறகும் கௌரி வந்தாள். கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறவே இரண்டு மாதம் ஆனது. அதற்குமேல் கால்கள் திரும்பி வரவில்லை.

ஒருநாள் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது ஜெகதீஸ்வரி உடைந்து அழுதாள். "நான்தான் கோடுகளை எடுத்தனான். நித்திரையெண்டு நினைச்சு..."

"நான் முழிச்சுத்தான் கிடந்தனான்" என்றார். இப்போது அவர் குரல் காதை வைத்துக் கேட்டால்தான் புரியும். "நீர் சுரண்டுற சத்தம் கேட்டது. வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாம். எனக்கும் வெக்கமாத்தான் இருந்தது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

கலியாணத்தன்று நாலு பேர் அவரைக் கதிரையோடு மணவறைக்குத் தூக்கினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். தியாகராசா யாரையும் பார்க்கவில்லை. குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெகதீஸ்வரி சேலையைச் சற்று உயர்த்திக்கொண்டு பின்னால் ஏறினாள். மணவறைக்கு மூன்றே மூன்று படிகள்தான் இருந்தன.