மூவ் ஆயிருச்சு

பியூலாவிடமிருந்து வந்த பதிலில் மூன்றே சொற்கள். மூன்றும் ஆங்கிலம்.

'ஐ ஆம் மூவ்டு.'

பிரேம்சிங் போனைக் கல்லாமேல் கவிழ்த்து வைத்தான். முடிந்தது கதை.

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவனுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். "அந்த எட்டு எம்.எம். காய் இருக்கா அண்ணே?" என்று எவராவது கேட்டால், "அது காலையிலேயே மூவ் ஆயிருச்சுப்பா" என்பார்கள். சரக்கு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. இனிமேல் கேட்காதே.

நேற்று சர்ச் முடிந்து வரும்போதுதான் அவளிடம் கடிதத்தைக் கொடுத்திருந்தான். இரண்டு பக்கம், சுத்தத் தமிழில். பியூலா மலைப்பக்கம் குரங்கணிப் பள்ளியில் ஆங்கில டீச்சர். கூச்சம் வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். தூத்துக்குடியிலிருந்து ஒரு வரன் வந்திருப்பதையும், திங்கட்கிழமை மதியத்துக்குள் அப்பாவிடம் பதில் சொல்லவேண்டும் என்பதையும் அவளே சொல்லியிருந்தாள். அப்பா பிச்சைமணிக்கு அடுத்த தெருவில் மிளகு வியாபாரம்.

இன்று திங்கள். காலையில் மலைக்குப் பஸ் ஏறுமுன் அனுப்பியிருக்கிறாள்.

பிரேம்சிங் நிதானமாக டைப் செய்தான். 'சந்தோஷம் டீச்சர். நீங்க நல்லா இருக்கணும். என் லெட்டரைக் கிழிச்சுப் போட்டுருங்க. என்னால உங்களுக்கு ஒரு சங்கடமும் வராது.'

அனுப்பினான். ஒற்றை டிக். பள்ளிக்கூடத்தில் சிக்னல் கிடையாது.

சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்த தங்கை சோனியா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னண்ணே, கப்பல் கவுந்துருச்சா?"

அவன் போனை நகர்த்தினான். அவள் படித்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"அடக் கூறுகெட்ட அண்ணே! மூவ்டுன்னா மனசு அசைஞ்சு போச்சுன்னு அர்த்தம்! அந்தப் புள்ள உருகிப்போயி எழுதியிருக்கு. நீ கல்யாண வாழ்த்து அனுப்பி வச்சிருக்க!"

"அழிச்சுர்றேன்... இரு..."

அவசரத்தில் விரல் 'எனக்கு மட்டும் அழி' என்ற வரியில் போய்ப் பட்டது.

"போச்சு போ. இனி அவளுக்குத் தெரியும், ஒனக்குத் தெரியாது."

"வேற ஒண்ணு எழுதிப் போட்டா?"

"என்னன்னு? ஒன்னைய ஏலக்கா மூட்டைன்னு நெனச்சுட்டேன்னா?"

மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு பெல். பள்ளிக்குப் பின்னால் தண்ணீர்த்தொட்டி மேட்டில் மட்டும் சிக்னல் கிடைக்கும். பியூலா அங்கே ஏறித்தான் அப்பாவுக்குப் போன் போடுவாள். அதற்குமுன் அந்த வாழ்த்து அவள் கண்ணில் படும்.

தெருமுனையில் நண்பன் லிங்கேஸ்வரனின் சரக்கு ஜீப் நின்றது.

"மாப்ளே, லோடு பாதிதான் ஏறியிருக்கு..."

"பாதியோட எடுறா! வெரசா!"

மலையடிவாரப் பாதையில் ஜீப் குலுங்கிய குலுங்கலில் பிரேம்சிங்கின் தலை மூன்று முறை கூரையில் இடித்தது. விவரத்தைக் கேட்ட லிங்கேஸ்வரன் ஸ்டியரிங்கை ஒடித்தபடியே சிரித்தான்.

"நானும் பத்து வருசமா டெய்லி அசையுறேன் மாப்ளே. எவ லெட்டர் குடுத்தா?"

பன்னிரண்டு முப்பத்துமூன்று.

பள்ளியில் பியூலாவின் வகுப்பறை காலி. கரும்பலகையில் ஆங்கில வினைச்சொற்களும் பக்கத்தில் தமிழும். மூவ், அசை. ஷேக், உலுக்கு. டிரெம்பிள், நடுங்கு. ஸ்டர், கிளறு. கடைசியாக வேவர், ஊசலாடு. அதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடு, அழுத்தி.

அவன் மேட்டுக்கு ஓடினான்.

பியூலா தொட்டிப் படியில் நின்றிருந்தாள். கையில் போன்.

டிங்.

வந்துவிட்டது. அவள் படித்தாள். பிறகு மூச்சு வாங்க நின்றவனைப் பார்த்தாள்.

"யாருக்குங்க கல்யாணம்?"

எல்லாவற்றையும் கொட்டினான். மூவ் ஆயிருச்சு என்றால் கடையில் என்ன அர்த்தம் என்பது வரை.

"அப்ப நான் ஒங்க கடையில ஒரு சரக்கு?"

"எட்டு எம்.எம். டீச்சர். நல்ல பச்சை." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். உடனே முகம் மாறியது.

"மூவ்டுன்னா சம்மதம்னு நெனச்சு ஓடி வந்தீங்களா?"

"இல்லையா?"

"மனசு அசைஞ்சுச்சு. அம்புட்டுத்தான். அதுக்கப்புறமும் இப்படியும் அப்படியுமா ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இப்ப பாடம் நடத்துற வரைக்கும்."

பிரேம்சிங் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"லெட்டர்ல எல்லாரும் நல்லாத்தான் எழுதுவாங்க." அவள் போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். "கெடைக்கலைன்னு தெரிஞ்ச பெறகும், நல்லா இருக்கணும்னு இப்படி எழுத..."

முடிக்கவில்லை. அப்பாவின் எண்ணை அழுத்தினாள்.

"அப்பா, தூத்துக்குடிக்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிருங்க."

எதிர்முனையில் ஏன், எதற்கு என்று பிச்சைமணியின் குரல் உயர்ந்தது. பியூலா பிரேம்சிங்கைப் பார்த்தாள். இந்த முறை கூச்சம் வந்தும் ஆங்கிலத்துக்குத் தாவவில்லை. கடைத்தெரு மொழிக்குத் தாவினாள்.

"மூவ் ஆயிருச்சுப்பா."

முப்பது வருட வியாபாரி. ஒரு நொடி யோசித்துவிட்டு, யார் கைக்கு என்று மட்டும் கேட்டார்.