இரண்டு பத்தியில் இருபத்திரண்டு பெயர்கள்

பாகூர் பக்கம் எங்கள் ஊரில் இருக்கும் படைவீரர் நினைவு மண்டபத்தில் ஞாயிறுதோறும் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறேன். சம்பளம் கிடையாது. மாலை வகுப்புக்குப் போகும் இடத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து நானாகத்தான் பெயர் கொடுத்தேன்.

கருங்கல் பலகையில் இரண்டு பத்தியாக இருபத்திரண்டு பெயர்கள். வாய் குழறிவிடும் என்ற பயத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி வைத்தேன். பலகையில் பெயர்களை இடமிருந்து வலமாக எண்ணினேன். அந்த எண்ணை வைத்தே முன்னாள் படைவீரர் சங்கத்துக் கோப்பிலிருந்து அவரவர் கதையை எடுத்தேன். கோப்போ மேலிருந்து கீழாகப் போகிறது. முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டும் சரிபார்த்தேன். எப்படி எண்ணினாலும் அவை இரண்டும் மாறாது. மூன்றாம் வாரம் அட்டைகளைத் திரும்ப எழுதியபோதுதான் நடுவில் எல்லாமே ஆள் மாறியிருப்பது தெரிந்தது.

அதற்குள், பலகையில் பெயருள்ள மாரிமுத்துவின் மனைவி பவுனம்மாள் இரண்டு முறை வந்துவிட்டார். வெள்ளத்தில் சிக்கிய இரண்டு சிப்பாய்களைக் கரையேற்றிவிட்டு ஆற்றோடு போனவர் மாரிமுத்து என்று நான் சொல்லியிருந்தேன். ஆனால் அப்படிப் போனவர் அந்தோணிசாமி. மாரிமுத்து மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து இறந்தவர்.

"குடிச்சிட்டு லாரில போனவன்னு எங்க கொழுந்தனாரு இத்தினி வருசமா பேசுனாரும்மா. நீதான் நெசத்தச் சொன்ன" என்று பவுனம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். குடித்ததாகக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் லாரி இருக்கிறது.

சங்கச் செயலாளர் அரிகரனிடம் போய்த் தப்பைச் சொன்னேன்.

"சர்வீஸ்ல செத்தா எல்லாம் ஒண்ணுதாம்மா. குடியரசு தினத்துக்கு அந்தம்மாவுக்குப் பொன்னாடைன்னு நோட்டீஸ் அடிச்சாச்சு. கம்முனு இரு."

"அந்தோணிசாமி வூட்ல யாராவது வந்தா சார்?"

"இத்தினி வருசமா வராதவங்க இப்ப வந்து இன்னா பண்ணப் போறாங்க?"

விளக்கம் சொல்லப் போவதையே நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். என் பழைய அட்டைகளை வைத்து வேறு யாராவது அதையே சொல்வார்கள். அட்டைகளைக் கிழித்தாலும் பவுனம்மாள் கேட்டது கேட்டதுதான்.

இன்று அவர் கொழுந்தனாரையே கூட்டி வந்துவிட்டார். "சொல்லும்மா. இவரு காதுல நல்லா வுழட்டும்" என்றார். அட்டையைப் பார்க்காமல் ஆற்றுக் கதையைச் சொல்லி முடித்தேன். கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது, சேதராப்பட்டுத் தொழிற்சாலைச் சீருடையில் பின்னால் நின்றிருந்தவர் முன்னே வந்தார்.

"என் பேரு சார்லஸ். அந்தோணிசாமி மவன். அப்பா இன்னா பண்ணாருங்க? நீங்க இப்ப சொன்னதத்தான் எங்கம்மா அவரப் பத்திச் சொல்லும்."

பவுனம்மாள் என்னையே பார்த்தார். கொழுந்தனாரும் நிமிர்ந்தார். மாரிமுத்து போனது லாரியில் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது.

"அன்னைக்கு ஆத்துல எறங்குனவங்க ரெண்டு பேருங்க" என்றேன். "உங்கப்பாவும் மாரிமுத்து ஐயாவும். ஆளுக்கு ஒருத்தரக் காப்பாத்துனாங்க."

இதை எங்கிருந்து எடுத்தேன் என்று தெரியவில்லை. என் எந்த அட்டையிலும் இது இல்லை.

"அய்யோ, என் சாமி! ரெண்டு பேரும் ஒண்ணா போனவங்களா?" பவுனம்மாள் சார்லஸின் முகத்தை இரண்டு கையாலும் வழித்தார். "குடியரசு தினத்துக்கு உங்கம்மாவக் கூட்டினு வாடா. எனக்குப் போடுற பொன்னாடைய அவங்களுக்கும் போடச் சொல்றேன்."

சார்லஸ் அவர் தலைக்கு மேலாகப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் இறந்த ஆண்டு வெட்டியிருக்கிறது. அவர் அப்பாவுக்கும் மாரிமுத்துவுக்கும் நடுவே இரண்டு ஆண்டுகள். அவர் கண் ஒரு பெயரிலிருந்து மற்றதற்குப் போய்த் திரும்பி என்னிடம் வந்து நின்றது.

"கூட்டினு வரேம்மா" என்றார் பவுனம்மாளிடம். பிறகு என்னிடம், "அன்னைக்கும் நீங்கதான சொல்லுவீங்க?"

"ஆமாங்க" என்றேன்.