பதினாலு பேரில் மூன்று பேர் சந்தேகம்

ஒருவர் தன் பெயரைச் சொன்னால் அது அவருடைய பெயர் என்றுதான் யாழ்ப்பாணத்தான் நினைப்பான். பின்னால் வருவது அப்பன் பெயர், பெண்சாதி என்றால் புருஷன் பெயர். கனடாக்காரன் கடைசிப் பெயர் என்ன என்று கேட்டால் அதைக் காட்டித் தப்பிவிடுவோம். இதற்கு மேல் குடும்பப் பெயர் என்று ஒன்று இருப்பதும், அதை எண்ணிப் பார்த்துக் காவல் காக்கிற மனிதர்கள் இருப்பதும், நிரோஷினிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் தெரியாது.

அன்றைக்குத்தான் வோபர்னில் அவள் மருந்தாளராக வேலை செய்யும் பார்மசிக்குக் கடிதம் வந்தது. இரண்டு பக்கம், தட்டச்சில். எழுதியவர் ஒஷாவாவில் இருக்கும் ஸ்டெஃபான் சலேஷன், கார்த் தொழிற்சாலையில் இருந்து ஓய்வுபெற்றவர். தன் குடும்பப் பெயரைப் பற்றிப் பன்னிரண்டு வருடமாக ஒரு புத்தகம் எழுதுகிறாராம். சலேஷன் என்பது ஸ்லோவாக்கியாவின் கிழக்கு மூலையில், ஒரேயொரு கிராமத்தில் உண்டான பெயராம். இன்று உலகம் முழுவதிலும் அந்தப் பெயருக்கு உரியவர்கள் பதினாலு பேர். ஸ்லோவாக்கியாவில் ஒன்பது, ஒஷாவாவில் இரண்டு, பிக்கரிங்கில் மூன்று. பிக்கரிங்கின் மூன்றுக்கு எதிரே 'சந்தேகம்' என்று போட்டிருந்தது.

அந்தச் சந்தேகம் மூன்றும் நிரோஷினியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளுந்தான். அவள் பெயரை மருந்தாளர் பதிவில் கண்டாராம், பிள்ளைகளின் பெயரைப் பேஸ்புக்கில் பிடித்தாராம். கடைசிப் பந்தி இப்படி இருந்தது: 'நமக்குள் இரத்த உறவு எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். இணைத்திருக்கும் தாளில் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு அனுப்பினால், புத்தகம் அச்சுக்குப் போகுமுன் எண்ணிக்கையைத் திருத்திவிடுவேன். இன்னுமொன்று, தவறாக எடுக்கவேண்டாம். உங்கள் பிள்ளைகள் இன்னும் சிறியவர்கள். அவர்களுக்கு வேறு பெயர் ஒன்றைப் பதிவதைப் பற்றி யோசிப்பீர்களா? எங்களிடம் மிச்சம் இருப்பது இந்தப் பெயர் ஒன்றுதான்.'

தவறாக எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சொல்லுகிற எதையும் நிரோஷினி சரியாக எடுத்ததே கிடையாது. பின்னேரம் வரைக்கும் மாத்திரைகளை எண்ணிப் போத்தலில் போட்டபடி மனதுக்குள் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு பதிலும் அச்சில் ஏற்றக்கூடியதாக வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயரை முப்பது வருடமாகச் சுமக்கிற ஆள் மனிதரின் கணக்கிலேயே இல்லை. நிரோஷினியின் புருஷனுக்குச் சலேஷன் என்பது முதற்பெயர். அவனுடைய கடைசிப் பெயர் சச்சிதானந்தன், அதாவது அவன் அப்பாவின் பெயர். கல்யாணம் கட்டியதும் நிரோஷினி வாகீசன், நிரோஷினி சலேஷன் ஆனாள். பிள்ளைகள் பிறந்தார்கள், அட்சயா சலேஷன், மிதுனன் சலேஷன். எல்லாம் எங்கள் முறைப்படி, ஒரு பிழையும் இல்லாமல் நடந்தது.

பெயரை வைத்தவர் மாமா சச்சிதானந்தன். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசி மாதம், மொஸ்கோவில் இருந்து கூட்டிவந்த ஏஜென்ட் உக்ரேனுக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் நடுவில் எல்லைக் காட்டில் ஆட்களை விட்டுவிட்டு ஓடிவிட்டான். விடியப்புறம் பனிக்குள் விழுந்து கிடந்தவரை, மரம் அரியும் மில் வைத்திருந்த ஒரு மனிதர் சறுக்குவண்டியில் இழுத்துக்கொண்டு போய், பத்தொன்பது நாள் தன் வீட்டில் ஒளித்துவைத்து, உருளைக்கிழங்குக் கஞ்சி பருக்கி, எழும்பி நடக்கவைத்து அனுப்பினார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. மாமா தன் நெஞ்சில் தட்டி 'சச்சி' என்றார். அந்த மனிதரும் தன் நெஞ்சில் தட்டி 'சலேஷன்' என்றார். ரொறன்ரோவில் பிறந்த முதல் ஆண்பிள்ளைக்கு மாமா அந்தப் பெயரையே வைத்தார். அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் பிறந்த பொடியன்கள் எல்லாம் கோபிஷன், லதுஷன், நிதுஷன் என்று இருந்ததால், அந்த வரிசையில் சலேஷனும் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஏன் என்று ஒரு சனமும் கேட்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் நிரோஷினி கடிதத்தை வாசித்துக் காட்டினாள். மாமா சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"அப்ப அது அந்த மனிசன்ரை பேர் இல்லையோ?"

"அவையின்ரை குடும்பப் பேர் மாமா. எங்களுக்கு ஆர் சொன்னது?"

"சாப்பாடு தந்த வீட்டிலை பேரைக் களவெடுத்துக்கொண்டு வந்திருக்கிறன்." மாமாவின் குரல் இறங்கிப்போயிற்று. "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தது மாதிரித்தானே பிள்ளை உது. கையெழுத்தை வைச்சுக் குடும். பேரையும் மாத்துங்கோ."

புருஷன்காரன் நல்லவன். சண்டை என்றால் அடுத்த அறைக்குப் போய்விடுகிற அளவுக்கு நல்லவன். "நிரோ, ஒரு ஃபோர்ம்தானே. பிள்ளையளுக்கு அப்பாவின்ரை பேரைப் போட்டு ஃபினிஷ் பண்ணுவம்," என்றான்.

"பிள்ளையின்ரை பேர் என்ன, கடையிலை ரிட்டேர்ன் குடுக்கிற சாமானோ?" நிரோஷினி எழும்பிவிட்டாள். "ஒராள் உயிர் பிழைச்சதுக்கு வைச்ச பேர். அதை நான் ஏன் ஒரு கிழவன்ரை புத்தகத்துக்காக மாத்தவேணும்? மாமா, நீங்கள் களவெடுக்கேல்லை. நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"அப்ப என்னை அங்கை கூட்டிக்கொண்டு போம். நான் மன்னிப்புக் கேக்கவேணும்."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. மாமா வாழ்நாள் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்த ஒன்றுக்காகத் தலை குனிவதை அவளால் பார்க்கமுடியாது. ஆனால் அவர் கேட்டால் மறுக்கவும் முடியாது. போனை எடுத்துச் சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள். ஸ்டெஃபான், கையெழுத்திட்ட தாளைக் கொண்டுவருகிறீர்களா என்று கேட்டார். தாளைக் கொண்டுவருகிறேன் என்றாள்.

சனிக்கிழமை மாமி யோகராணியிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு மாமாவும் மருமகளும் புறப்பட்டார்கள். வெறுங்கையோடு ஒரு வீட்டுப்படி ஏறக்கூடாது என்று மாமா ஒரு சீப்பு வாழைப்பழமும் கேக்கும் வாங்கி மடியில் வைத்திருந்தார்.

ஸ்டெஃபானுக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். நெடிய மனிதர், காதில் மிஷின். ஒரு கல்வீட்டின் சாப்பாட்டு மேசையை முழுவதும் மறைத்துக்கொண்டு ஒரு பெரிய தாள் விரிந்து கிடந்தது. மேலே ஒரு பெட்டி, அதில் இருந்து கோடுகள் இறங்கி, பெட்டி பெட்டியாகப் பெயர்கள். கீழே போகப் போகப் பெட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, வாழைப்பழத்தைக் கண்டு சிரித்தாள். வீட்டில் சிரித்தது அவள் ஒருத்திதான்.

"எனக்கு இரண்டு பெண்கள்," என்றார் ஸ்டெஃபான் ஆங்கிலத்தில். "இரண்டு பேரும் புருஷன்மாரின் பெயருக்கு மாறிவிட்டார்கள். ஊரில் இருக்கிற ஒன்பது பேரில் இளையவருக்கு ஐம்பத்தொன்பது. நான் ஏன் இப்படிக் கேட்டேன் என்று விளங்கும்."

விளங்கியது. பாவமாகவும் இருந்தது. பாவம் என்று பார்த்தால் கையெழுத்து வைக்கவேண்டி வரும் என்று நிரோஷினி வேறு பக்கம் பார்த்தாள்.

"முதல் பெட்டியில் யார்?" என்று கேட்டாள்.

மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. பன்னிரண்டு வருட உழைப்பைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை போலும். கோயில் பதிவேட்டில் ஆயிரத்து எழுநூற்று நாற்பதாம் ஆண்டுக்குப் பக்கத்தில் முதல் சலேஷன் வருகிறான் என்றார். எங்கிருந்தோ வந்தவன். அப்பன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. பாதிரியார் 'காட்டுக்கு அப்பால் இருந்து வந்தவன்' என்று எழுதிவைத்தார். சலேஷன் என்றால் அதுதான் அர்த்தம்.

நிரோஷினி அதை மாமாவுக்குத் தமிழில் சொன்னாள். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. எழும்பி நின்று, வாழ்க்கையில் கற்ற ஆங்கிலம் முழுவதையும் கூட்டிப்பெருக்கி, மன்னிக்கவேண்டும் ஐயா, எனக்குத் தெரியாது, உங்கள் ஊர் மனிதர் ஒருவர் என் உயிரைக் காப்பாற்றினார், அது அவருடைய சொந்தப் பெயர் என்று நினைத்துத்தான் மகனுக்கு வைத்தேன் என்று சொன்னார்.

ஸ்டெஃபான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எந்த வருடம்?"

"தொண்ணூற்று மூன்று. மரம் அரிகிற மில். அவருக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை."

மனைவி ஸ்லோவாக் மொழியில் ஏதோ சொன்னாள். ஸ்டெஃபான் தாளில் ஒரு பெட்டியைக் காட்டினார். அதில் மிகால் என்ற பெயரும், பிறந்த வருடமும் இறந்த வருடமும் மட்டும் இருந்தன. கீழே கோடு இல்லை.

"என் தமையன்," என்றார். "தொண்ணூற்று நாலில் பிடித்தார்கள். காசுக்காக எல்லையால் ஆள் கடத்தினான் என்று எட்டு மாதம் மறியலில் அடைத்துவைத்தார்கள். அம்மா அந்த வெட்கத்தோடேயே செத்துப்போனாள். நான் அதற்குப் பிறகு அவனுக்குக் கடிதம் எழுதவில்லை. அவனைப் பற்றிப் புத்தகத்தில் எதுவும் இல்லை. இருக்கவும் போவதில்லை."

நிரோஷினி மொழிபெயர்த்து முடிக்கவில்லை, மன்னிப்புக் கேட்க வந்த மனிதர் நிமிர்ந்துவிட்டார். அவர் கோபப்பட்டு அவள் கண்டதேயில்லை. ஆங்கிலம் அவரை விட்டுப் போய்விட்டது.

"காசோ? ஏஜென்ட் என்ரை சட்டைப் பையையும் துடைச்சுக்கொண்டு போட்டான். ஒரு காலுக்குச் சப்பாத்தும் இல்லாமல் கிடந்தன். அந்த மனிசன் என்னட்டை என்னத்தை வாங்கினவர்? தன்ரை சப்பாத்தைக் கழட்டித் தந்தவர். எனக்குப் பிறகும் ஆரையாவது இழுத்துக்கொண்டு வந்து சூப் குடுத்திருப்பார், அதுக்குப் பிடிச்சிருப்பாங்கள். கூடப்பிறந்த நீர் ஒரு கடிதம் எழுதிக் கேக்கேல்லை. உமக்குப் பேர் வேணும், ஆள் வேண்டாமோ?"

"மாமா, அப்படியே சொல்லட்டோ?"

"ஒரு சொல்லும் விடாமல் சொல்லும்."

அவள் ஒரு சொல்லும் விடவில்லை. 'நீர்' என்பதில் இருந்த சூட்டை ஆங்கிலத்தில் கொண்டுவர முடியாத குறையைக் குரலில் ஈடுசெய்தாள்.

ஸ்டெஃபான் காது மிஷினைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எனக்கு இதைச் சொன்னதற்கு நன்றி," என்றார். "அவனைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் நீங்கள் வேறு. இது இரத்த வழிப் புத்தகம்."

"முதல் பெட்டியில் இருக்கிறவர் யாருடைய இரத்தம்?" என்று கேட்டாள் நிரோஷினி.

அவருடைய பார்வை மேலே இருந்த பெட்டிக்குப் போனது.

"சொல்லுங்கள். காட்டுக்கு அப்பால் இருந்து ஒருவன் வந்தான், ஊர் அவனுக்கு ஒரு பெயரைக் கொடுத்தது. உங்கள் குடும்பம் தொடங்கியதே அப்படித்தான் என்று இப்போதுதான் நீங்களே சொன்னீர்கள். அவன் வந்தபோது யாராவது தாள் நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்களா?" அவள் கைப்பையில் இருந்து அந்தத் தாளை எடுத்து நாலாகக் கிழித்துத் தேத்தண்ணித் தட்டில் போட்டாள். "நான் கையெழுத்து வைக்கமாட்டேன். என் பிள்ளைகளின் பெயரும் மாறாது. எண்ணிக்கையை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். சந்தேகம் என்று மட்டும் எழுதவேண்டாம்."

"உங்கள் முறையில் அது கடைசிப் பெயரே இல்லையே," என்றார் அவர். குரலில் பழைய உறுதி இல்லை. "உங்கள் கணவருக்கு அது முன்னால் அல்லவா இருக்கிறது. அவரை நான் எங்கே போடுவது? அவருக்கு அப்பா நீங்கள்." கடைசியாகச் சொன்னதை அவர் மாமாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

நிரோஷினி அதைத் தமிழில் சொல்லிமுடித்ததும் மாமா மேசைக்குக் கிட்டப் போனார். யாரிடமும் கேட்காமல் அங்கே கிடந்த பேனையை எடுத்தார். மிகாலின் பெட்டிக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். கோட்டின் நுனியில் பெரிய ஆங்கில எழுத்துகளில் மகனின் பெயரை எழுதினார். முதற்பெயரை மட்டும். சச்சிதானந்தன் என்ற தன் பெயரை எழுதவில்லை.

"மாமா," என்றாள் நிரோஷினி, "உங்கடை பேர்?"

"தேவையில்லை." அவர் விரலை மேலே கொண்டுபோய் மிகாலின் பெயரில் வைத்தார். "அந்த மனிசன் அண்டைக்கு என்னைப் பனிக்குள்ளை விட்டிட்டுப் போயிருந்தால், நான் ஆருக்கு அப்பன், பிள்ளை?"

மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள்.

ஸ்டெஃபான் காத்திருக்கவில்லை. மாமாவின் கையில் இருந்து பேனையை வாங்கி, அந்தப் பெயரில் இருந்து கீழே இன்னும் இரண்டு கோடு இழுத்துவிட்டு, கண்ணைத் துடைக்காமலே, பிள்ளைகள் பிறந்த திகதிகளைச் சொல்லும்படி அவளிடம் கேட்டார்.