மெயினைத் தாண்டிய வயர்

ஜீவா நூம்பலில் இருக்கிற வண்டி யார்டுக்குள் பைக்கை நிறுத்தும்போதே அமல்ராஜின் பல் ஒன்று மண்ணில் கிடந்தது. ஆளை கேட் கம்பத்தோடு சேர்த்து, வண்டி இழுக்கிற கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார்கள். சட்டைப் பித்தான்கள் அறுந்து, கழுத்து ஜெபமாலை தோளில் ஏறிக் கிடந்தது. எதிரே கையில் வீல் ஸ்பேனரோடு முதலாளி பார்த்தசாரதி. பட்டப்பகல் பதினொரு மணி. ரோட்டில் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பார்த்தசாரதி கத்தினால் எட்டிப் பார்க்கிற வழக்கம் அந்தத் தெருவில் எவனுக்கும் கிடையாது.

"வந்துட்டியா? வண்டிக்குள்ள போய் பேட்டரிய பாரு" என்றார். "டெய்லி இந்த நாய் உள்ள படுத்துகினு ஃபேன் ஓட்டிகீறான். இவன்தான்னு மட்டும் நீ சொல்லு, அப்பால ஸ்டியரிங் புடிக்க இவனுக்கு கை இருக்காது."

"சத்தியமா படுக்கல மொதலாளி." அமல்ராஜ் வாயிலிருந்து ரத்தமும் வார்த்தையும் சேர்ந்து வந்தன. "எல்லா லைட்டையும் அணைச்சுட்டு, மெயினையும் எறக்கிட்டுதான் திருநின்றவூருக்கு ட்ரெய்ன் ஏறுறேன். ஊட்டுல கேட்டுப் பாருங்க."

பார்த்தசாரதியின் மச்சான் பரத், வீட்டில் எதற்குக் கேட்பது என்று வயிற்றிலேயே ஒரு உதை விட்டான்.

விஷயம் இதுதான். பார்த்தசாரதி சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடும் கேரவன் அது. அமல்ராஜ் அதன் டிரைவர். வண்டி ஓடுவதற்கு ஒரு பேட்டரி. உள்ளே லைட்டுக்கும் ஃபேனுக்கும் தண்ணி மோட்டாருக்கும் தனியாக இரண்டு பெரிய பேட்டரிகள். அந்த இரண்டும் இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகச் செத்துவிட்டன. நேற்று ஒரு கதாநாயகி பாதிப் புடவையோடு இருட்டில் மாட்டிக்கொண்டு அலறியிருக்கிறாள். புரொடக்‌ஷன் மேனேஜர் நூறு பேர் பார்க்க, "இந்தப் பொணத்தை இங்கேருந்து எடுத்துட்டுப் போய்யா" என்று வண்டியைக் காட்டிப் பார்த்தசாரதியை விரட்டியிருக்கிறான். அந்த மேனேஜரை அடிக்க முடியாது. டிரைவரை அடிக்கலாம். பெரிய வீரர்தான், கட்டிப்போட்ட ஆளுக்கு முன்னால்.

ஜீவாவுக்குக் கரையான்சாவடியில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை. நாலு வருஷமாக இந்த வண்டிக்கு அவன்தான் வயரிங் பார்க்கிறான். அதே நாலு வருஷமாக அமல்ராஜோடு டீ குடிக்கிறான். அந்தக் கை பிழைப்பதும் போவதும் இப்போது தன் வாயில் இருக்கிறது. மீட்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினான்.

சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரிகளில் மீட்டரை வைத்தான். பத்து வோல்ட்கூட இல்லை. மெயின் ஸ்விட்ச் இறங்கித்தான் இருந்தது. லைட், ஃபேன், மோட்டார் எல்லாமே ஆஃப். அமல்ராஜ் சொன்னது அத்தனையும் உண்மை. ஜீவாவுக்குத் தெம்பு வந்தது. செத்த பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த சார்ஜ் ஏறிய பேட்டரியை மாட்டினான். ஒரு ஸ்விட்சையும் தொடவில்லை. மீட்டர் இரண்டரை ஆம்பியர் காட்டியது. எதுவுமே ஓடாத வண்டியில் யார் இவ்வளவு கரண்ட்டைக் குடிப்பது?

தலைக்கு மேலே பளிச்சென்று வெளிச்சம் வந்தது. அம்மன் படத்தைச் சுற்றி சிவப்பும் பச்சையுமாய் சீரியல் பல்பு ஓட ஆரம்பித்தது.

போன மாதம், ஆடி முதல் வெள்ளிக்கிழமை, முதலாளியின் மனைவி தாட்சாயிணி ஜீவாவைக் கூப்பிட்டுச் சொன்னது அவன் காதில் அப்படியே கேட்டது. "அம்மா வெளக்கு மட்டும் எப்பவும் எரிஞ்சிகினே இருக்கணும் ஜீவா. டிரைவரு மெயினை எறக்கினாக்கூட அணையக்கூடாது. அவன வெளக்குல கை வைக்க வேணாம்னு சொல்லிட்டேன்." ஜீவா அப்போதே வேலையில் இறங்கினான். பேட்டரியிலிருந்து மெயினைத் தாண்டி நேராக ஒரு வயர் இழுத்து, கடையில் கிடந்த பழைய இன்வெர்ட்டர் ஒன்றைப் படத்துக்குப் பின்னால் சொருகினான். சும்மா கிடந்தாலே கரண்ட்டைத் தின்கிற சரக்கு அது. மூன்று நாள் வண்டி நின்றால் பேட்டரி காலி. பேட்டரி காலியானதும் விளக்கும் அணைந்துவிடும். அதனால்தான் கரண்ட்டைத் தின்றது அதுதான் என்று யாருக்கும் தெரியவில்லை. பத்து நிமிஷ வேலை, மறந்தும் போய்விட்டான்.

வெளியே சதையில் இரும்பு விழுகிற சத்தம். அமல்ராஜ் "அம்மா" என்றான்.

"இன்னாடா பண்ற உள்ள? வந்து சொல்லு!"

ஜீவா படியில் இறங்கினான். நான்தான் என்று சொன்னால் அந்த ஸ்பேனர் தன் பக்கம் திரும்பும். அவன் பிழைப்பும் பத்து விரலில்தான் இருக்கிறது. பயந்தான். வெட்கங்கெட்ட பயம்.

"மொதலாளி… மெயின தாண்டி கரண்ட்டு போவுது. யாரோ வயரு இழுத்துகீறாங்க."

யாரோ. அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

"யாரோவா? இந்த வண்டில இவன வுட்டா வேற எவன்டா யாரோ? திருட்டு லைன் இழுத்து ஃபேன் ஓட்டுனியாடா?"

ஜீவா வாயைத் திறப்பதற்குள் பரத் அமல்ராஜின் வலது கையைக் கம்பத்தோடு அழுத்திவிட்டான். ஸ்பேனர் இறங்கியது. மணிக்கட்டு உடைந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது அடியில் விரல்கள். அமல்ராஜ் போட்ட கூச்சலில் ஜீவாவின் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"நான்தான்! இழுத்தது நான்தான்! சாமி வெளக்குக்கு! உங்க ஊட்டம்மாதான் போடச் சொன்னாங்க!"

பார்த்தசாரதி ஸ்பேனரை ஓங்கிக்கொண்டே வந்து ஜீவாவின் சட்டையைப் பிடித்து வண்டிக்குள் இழுத்துப் போனார். அம்மன் படத்தைச் சுற்றி விளக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓங்கின கை அப்படியே இறங்கியது. செருப்பை அவசரமாகக் கழற்றினார். ஸ்பேனரைச் சீட்டில் போட்டுவிட்டு, இரண்டு கன்னத்திலும் பட்பட்டென்று போட்டுக்கொண்டார்.

"தப்புதான் தாயே. ஒனக்குப் போன கரண்ட்டையா கணக்குப் பாத்தேன்? மன்னிச்சுக்கோ."

பிறகு ஜீவாவைப் பார்த்தார். "வெளக்கு அப்பிடியே இருக்கட்டும். அதுக்குன்னு தனியா ஒரு பேட்டரி போட்டுடு." கீழே கட்டுண்டு கிடந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கைகழுவத் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனார்.

ஜீவா கயிற்றை அவிழ்த்தான். அமல்ராஜ் சரிந்து உட்கார்ந்தான். வலது கை வேறு யாருடையதோ மாதிரி மடியில் கிடந்தது.

"எல்லா லைட்டும் அணைச்சேன் அண்ணாத்தே. அது லைட்டு இல்லியே, சாமியாச்சே. நான் எப்டி தொடுவேன்?"

"எந்திரி, ஆஸ்பத்திரி போலாம்."

"நீ வெளிய வந்து யாரோன்னு சொன்னியே. அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல அப்போதும் இடம் இருந்தது.

"தெரியும்" என்றான் ஜீவா.

அமல்ராஜ் இடது கையைச் சுருட்டி அவன் மூக்கிலேயே குத்தினான். எலும்பு நொறுங்கிக் கொட்டிய ரத்தத்தை ஜீவா துடைக்கவில்லை, முகத்தையும் திருப்பவில்லை. காலையிலிருந்து அந்த யார்டில் விழுந்த அடிகளில் உரிய ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.