ருங்கானோவிடம் ஒரு குறையும் இல்லை

செத்தவனைக் கேலி செய்ய என்னிடம் ஒன்றுமே இல்லை. ஒரு சாஹ்விராவுக்கு இதைவிட அவமானம் வேறு வேண்டுமா?

நான் சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் குட்டு மாவட்டத்துப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், மருமகள்களைத் தவிர அந்த வீட்டார் ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் களி கிண்டுவார்கள், ஆண்கள் குழி வெட்டுவார்கள், விறகும் தண்ணீரும் தானாக வந்து சேரும். சாஹ்விராவுக்கு மட்டும் வேறு வேலை. அவன் சொந்தக்காரன் இல்லை, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் சிநேகிதன். செத்தவனின் கோட்டை மாட்டிக்கொண்டு, அவனைப் போல நடந்து, அவனைப் போலப் பேசி, அவன் வண்டவாளத்தையெல்லாம் பிணத்தின் முன்னாலேயே அவிழ்த்துவிடுவான். யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. சிரித்துச் சிரித்து ஓரிடத்தில் அது அழுகையாக உடையும். பிறகுதான் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பாடு இறங்கும்.

முப்பது வருஷமாக நான் ருங்கானோவுக்கு சாஹ்விரா, அவன் எனக்கு. யார் முந்திப் போனாலும் மற்றவன் அவன் மானத்தை வாங்க வேண்டும் என்பது பேச்சு. முந்தப்போவது டொபாய்வாதான், அதாவது நான்தான், என்று ஊரே நினைத்திருந்தது. குடிக்கிறவன் நான், இருமுகிறவன் நான், மாமரத்திலிருந்து இரண்டு தரம் விழுந்தவனும் நானே. ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் மாவு மில்லை நிறுத்தினான், தரையைப் பெருக்கினான், ஒரு மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தான், போய்விட்டான். சாவதிலும் அப்படியொரு ஒழுங்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று வியாழன். நாளைக் காலையில் அடக்கம். அவன் மனைவி நியாராய் அம்மா, உடலை வைத்திருந்த சமையல் குடிசையில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, இரண்டு நாளாகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வாயில் எதுவும் வைக்கவில்லை. சர்க்கரை வியாதிக்காரி, வயிற்றில் ஏதாவது விழுந்தால்தான் மாத்திரை போட முடியும். பெண்கள் நிலக்கடலைக் கூழ் காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிக்கொண்டு அழுது பார்த்தார்கள், பாடிப் பார்த்தார்கள். எதுவும் நடக்கவில்லை. நேற்று சாயங்காலம் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நாள் இப்படியே போனால் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். புருஷனை அடக்கம் செய்யும்போது மனைவி ஆஸ்பத்திரியிலா கிடப்பாள்?

காலையில் நான் சும்மா இருக்கவில்லை. குழிக்குள் இறங்கிப் படுத்து, நீளம் போதாது, என் சிநேகிதன் காலை மடக்கித்தான் தூங்குவானா என்று சண்டை பிடித்தேன். வெட்டியவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். சரி, ஆனால் அவள் அங்கே இல்லையே.

பிறகு மாவு படிந்த அவன் கோட்டை மாட்டிக்கொண்டு குடிசைக்குள் போனேன். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் நின்றேன். எதைச் செய்து காட்டுவது? அவன் நடை எல்லாரும் நடக்கிற நடை. மில் சத்தத்திலேயே காலம் தள்ளியவன், பேச்சும் கிடையாது. குடித்தால் ஒரு கோப்பை, அதையும் கழுவி வைத்துவிடுவான். சண்டை இல்லை, கடன் இல்லை, இன்னொருத்தி இல்லை. தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். என் பழைய தொப்பி, அங்கேயும் ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஊரார் மாவில் தினம் இரண்டு கை திருடினான் என்று ஒரு கதையை எடுத்துவிட்டேன். ஒரு பெண்கூடச் சிரிக்கவில்லை. "ஐயோ, தரையில சிந்தினதக்கூடக் கூட்டி அள்ளிக் குடுத்துருவாரே" என்று ஒருத்தி நிஜமாகவே வருத்தப்பட்டாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானம் நெருப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ருங்கானோவின் அண்ணன் மச்சிங்குரா என்னைப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தார். ருங்கானோவின் மருமகள் செகாய் களி கிண்டின துடுப்போடு நேராக என்னிடம் வந்தாள்.

"சாஹ்விரா, ஊரே அவங்கவங்க வேலைய முடிச்சிருச்சு. உங்க வேலை ஒண்ணுதான் பாக்கி."

அத்தனை பேர் முன்னால் சொன்னாள். ஆத்திரம் தலைக்கேறியது. அவள்மேல் இல்லை, பெட்டிக்குள் படுத்திருக்கிறவன்மேல். எழுந்து விறுவிறுவென்று குடிசைக்குள் போய்ப் பெட்டி முன்னால் நின்றேன். நடிப்பெல்லாம் மறந்துவிட்டது.

"டேய் ருங்கானோ, முப்பது வருஷம் கூட இருந்தேனேடா. ஒரு நாளாவது வழுக்கி விழுந்தியா? ஒரு பொய் சொன்னியா? எனக்குன்னு ஒண்ணு விட்டுட்டுப் போனியா? நான் சொல்றேன் கேளு, உன்னை மாதிரி துரோகி..."

தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தேன்.

சுவர்ப் பக்கம் ஏதோ ஒரு சத்தம். நியாராய் அம்மா திரும்பியிருந்தாள். கண் என் கையில் இருந்தது.

"இன்னொரு வாட்டி பாருங்க," என்றாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு.

"எதை?"

"தொப்பிக்குள்ள."

பார்த்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பெண்கள் தாங்க ஓடினார்கள், கையைத் தட்டிவிட்டாள். என் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்தாள். ஒரு தோளை உயர்த்தி, இல்லாத கால்சட்டையை இழுத்துவிட்டு, மூக்கை மூன்று தரம் உறிஞ்சினாள்.

"நான் சொல்றேன் கேளு, அது சிறுத்தைதான். வால் மட்டும் இந்தக் கதவு நீளம். குரைச்சுதுன்னா, அது சளி பிடிச்ச சிறுத்தைடா."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தாள். குடிசை வெடித்தது. வாசலில் இருந்த ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். மச்சிங்குரா கைத்தடியை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தார். எனக்குக் காது சுட்டது. என் தோள் அப்படியா தூக்கிக்கொண்டிருக்கிறது? அந்தச் சிறுத்தைக் கதையை நான் ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தேன், அதுவும் மில்லில் வைத்து.

"இதெல்லாம் யார் சொன்னது?" என்றேன்.

"சொல்றதென்ன, தினம் செஞ்சு காட்டுவாரு. சாயங்காலம் மாவத் தட்டிட்டு இந்த வாசல்ல நின்னு மூக்க உறிஞ்சுவாரு. நீங்க பொய்ய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உறிஞ்சுவீங்களாம். முப்பது வருஷமா இந்த வீட்டுக்குள்ள முதல்ல நீங்கதான் வருவீங்க, சாஹ்விரா. அப்புறந்தான் அவரு..."

அந்த 'அவரு' பாதியில் உடைந்தது. அப்படியே பாயில் சரிந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து அழுதாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து கூடவே அழுதார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

நான் அங்கேயே நின்றேன். முப்பது வருஷம் நான் பேசினேன், அவன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனை ஒரு நாளும் பார்க்கவில்லை. அவன் ஒப்பந்தத்துக்குத் தயாராக இருந்தான், நான் வெறுங்கையோடு வந்து நின்றேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, அவன் செய்வதை ஒரு தரம் பார்க்கக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் பெரிதாக இருந்தது.

அழுது ஓய்ந்ததும் செகாய் கூழ் கொண்டுவந்தாள். நாலு கரண்டி உள்ளே போனது. மாத்திரையும் போனது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தொப்பியை என்னிடம் நீட்டினாள் நியாராய் அம்மா.

"நீங்கதான் முதல்ல போவீங்கன்னு பாவம், அத்தனையும் சேத்து வச்சிருந்தாரு. இனி உங்க சாவுக்கு நான்தான் வந்து செய்யணும். எப்ப போறதா உத்தேசம்?"

தொப்பியை வாங்கி உள்ளே பார்த்தேன். வீடே மறுபடியும் சிரித்தது.